வீட்டோடு புறப்பட்டோம்

(தில்லிக் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

சபையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், மாமிமார்களுக்கும், கடைசி வரிசையில் காபி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் என் நமஸ்காரம்.

யாத்திரை அனுபவம் ஒன்றைச் சொல்லும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். காசி, பத்ரி, முக்திநாத் என்று போய் வந்தவர்கள் இங்கே முன்பே அழகாகப் பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது போய்ச் சேராத யாத்திரையைப் பற்றி. 18 மணி நேரம் வண்டியில் இருந்தோம். ஓடிய தூரம் 91 கிலோமீட்டர். புறப்பட்டது மயூர் விஹாரிலிருந்து, வந்து சேர்ந்ததும் மயூர் விஹாருக்கே.

எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பிரயாணம் என்றால் என்ன என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு ப்ராஸ்டேட். என் மனைவிக்குச் சர்க்கரை. என் அக்காவுக்கு 82 வயது, இரண்டு முழங்காலும் சொன்னபடி கேட்பதில்லை. வெளியூர் என்றால் அக்கா முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். நம் வீட்டுப் பெண்மணிகள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. நமக்கு அது தெரிவதில்லை, தெரிந்தாலும் கேட்பதில்லை. வழியில் சுத்தமான இடம் இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் நாக்கு வறள உட்கார்ந்து வருவார்கள். ஊர் திரும்பியபின் நீர்க்கடுப்பு, ஜுரம், ஆண்டிபயாடிக். இரண்டு முறை அப்படி ஆனபின், "இனிமேல் நான் எங்கேயும் வரலை, என்னைக் கூப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டாள். அத்திம்பேர் காலமாகி வருஷாப்திகமும் ஆகிவிட்டது. ஒரே ஒரு ஆசை பாக்கி என்றாள். ஆடி அமாவாசையன்று ஹரித்வாரில் கங்கா ஸ்நானம்.

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அங்கே மோட்டார் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு பத்து நாள் சுற்றியவன். "அப்பா, இங்கேயும் கேரவன் கிடைக்கறது. படுக்கை, அடுப்பு, ஏ.சி., டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கு. அத்தை வீட்டிலேர்ந்து வெளியிலே வராமலே ஹரித்வார் போய்டலாம்" என்றான். கேரவன் என்றால் உங்களுக்குத் தெரியும். சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்க நிறுத்தி வைப்பார்களே, அதன் தம்பி. நாள் வாடகை 16,000 ரூபாய். மூன்று நாள்.

தேதி குறித்தது நான். 2025-இல் ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. 22-ம் தேதி விடியற்காலை கிளம்பினால் ஒரு நாள் முன்னதாகவே போய் அக்காவுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று நம்முடைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ஐம்பது வருஷம் தில்லியில் இருந்தும் இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டவில்லை. இவர்களுக்கு மாதம் பௌர்ணமியோடு முடிகிறது. ஆகவே இவர்களுடைய ச்ராவண மாதத்தின் தேய்பிறை பெரும்பாலும் நமது ஆடியில் வந்து விழும். அதில் சதுர்த்தசி இவர்களுக்குச் சிவராத்திரி. சதுர்த்தசி கழிந்தால் அமாவாசை. காவடி எடுத்து ஹரித்வார் போய், கங்கை நீர் முகந்து, கால்நடையாகத் திரும்பி அவரவர் ஊர்ச் சிவன் கோயிலில் அபிஷேகம் செய்யும் காவட் யாத்திரை அந்தச் சிவராத்திரியில்தான் முடிகிறது. 2024-இல் ஆகஸ்ட் 2 சிவராத்திரி, 4-ம் தேதி ஆடி அமாவாசை. 2025-இல் 23-ம் தேதி சிவராத்திரி. ஆக, ஆடி அமாவாசைக்காக முன்னதாகவே ஹரித்வார் கிளம்புகிற தமிழன், லட்சக்கணக்கான காவடிகள் எதிரே வரும் நேரத்தில் சாலையில் இருப்பான் என்பது ஆகாயத்தில் எழுதி வைத்த கணக்கு. பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் படித்த எனக்கு அது தோன்றவில்லை. "காவட் கூட்டம் இந்நேரம் குறைஞ்சிருக்கும்" என்று வாயால் சொன்னேன். பிள்ளையைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

விடியற்காலை நாலு மணிக்கு வண்டி வந்தது. பார்க்க ஜோராக இருந்தது. உள்ளே ஏறியதும் அக்கா நோட்டம் விட்டாள். சமையல் மேடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. "ஏண்டா, இந்தண்டை அடுப்பு, அந்தண்டை அதுவா?" என்றாள். "ஆபத்துக்குப் பாவமில்லை, அக்கா" என்றேன். கையோடு கொண்டுவந்த புளியோதரையையும் தயிர்சாதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அடுத்தபடி ஒரு காரியம் செய்தாள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிரயாணத்தன்று அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அப்போதே 16,000 ரூபாயும் வசூலாகிவிட்டது போல இருந்தது.

உத்தரப் பிரதேச எல்லையில் ஒரு சோதனைச் சாவடியில் நாற்பது நிமிஷம். வண்டியின் காகிதத்தில் மினி பஸ் என்று இருக்கிறது, உள்ளே பார்த்தால் கட்டிலும் அடுப்பும் இருக்கின்றன. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளில் மோட்டார் கேரவன் என்று தனி வகையே உண்டு. கட்டில், மேஜை, சமையல் வசதி இவையெல்லாம் வண்டியோடு பிணைத்துப் பொருத்தப்பட்டு, முறைப்படி சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மினி பஸ்ஸை வாங்கித் தச்சரை விட்டு வீடாக்கினால் அது கேரவன் ஆகிவிடாது. கேள்வி கேட்ட அந்த இளைஞர் கேட்டது நியாயமே. முப்பத்தைந்து வருஷம் பைல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எண்பது நிமிஷம் ஆக்கியிருப்பேன்.

தாண்டிச் சிறிது தூரம் போனதும் பெரிய வண்டிகள் நேரே போகக் கூடாது, ஹாபுர், பிஜ்னோர் என்று சுற்றிக்கொண்டு போங்கள் என்று தடுப்பு வைத்துத் திருப்பினார்கள். அப்படியே போயிருந்தால் சாயங்காலத்துக்குள் ஹரித்வார் போயிருப்போம் என்று இன்றும் நம்புகிறேன். டிரைவருக்கு டீசல் கணக்கு. தனக்கு ஒரு குறுக்கு வழி தெரியும் என்றான். நாங்களும் தலையாட்டினோம்.

குறுக்கு வழி ஒரு ரயில்வே சுரங்கப்பாதையில் போய் முடிந்தது. மேலே இரும்புக் குறுக்குச் சட்டம், உயர வரம்பு எழுதியிருக்கிறது. எங்கள் வண்டியின் கூரைமேல் ஏ.சி. பெட்டி உட்கார்ந்திருக்கிறது. காராக இருந்தால் ஒரு நொடியில் அந்தப் பக்கம் போயிருக்கலாம். பின்னால் டிராக்டர், அதன் பின்னால் இன்னொரு டிராக்டர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வந்த வழியே பின்னோக்கி ஓட்டினான். என் பேரன் இறங்கி ஓடிப் பின்பக்கம் கைகாட்டினான். அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தவன் அவன் ஒருவன்தான்.

இதற்குள் மணி எட்டரை. அக்கா மெதுவாக என் மனைவியைக் கூப்பிட்டு, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாள். கதவு பூட்டியிருக்கிறது. டிரைவர் வந்து தயங்கித் தயங்கித் திறந்தான். உள்ளே ஸ்டெப்னி டயர், ஜாக்கி, இரண்டு பழைய மெத்தை, ஒரு மூட்டை வெங்காயம். அதை யாரும் உபயோகிப்பதில்லையாம். உபயோகித்தால் அடியிலுள்ள தொட்டி நிரம்பும், நிரம்பினால் அதைக் கொட்டுவதற்கு வழியில் இடம் கிடையாது, கடைசியில் அவன்தான் கையால் கழுவ வேண்டும். "நீங்களே சொல்லுங்கள் ஐயா, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?" என்று ஹிந்தியில் கேட்டான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

என் பிள்ளை சொன்னான், அமெரிக்காவில் இரவு தங்கும் முகாம்களில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு இடம் இருக்குமாம். அதில் மின்சாரத்துக்கு ஒரு முளை, நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவுக்கு ஒரு துவாரம். வண்டியை நிறுத்தி மூன்றையும் இணைத்துவிட்டால் அதுதான் வீடு. நம் மத்திய சுற்றுலா அமைச்சகமும் 2009-இலேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் வண்டிகளைப் பற்றி மட்டுமல்ல, அவை தங்கும் பூங்காக்களைப் பற்றியும் சொல்லியிருக்கிறது. 2021-இல் கேரளம் கொண்டுவந்த திட்டத்திலும் வண்டியும் பூங்காவும் சேர்ந்தே வருகின்றன. அன்று எங்கள் வழியில் வண்டி இருந்தது, பூங்கா இல்லை.

டயரையும் வெங்காயத்தையும் வெளியே எடுத்துப்போட்டுப் பார்த்தால் தண்ணீர் பம்ப் வேலை செய்யவில்லை. அக்கா, "பரவாயில்லை, நான் பொறுத்துப்பேன்" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். காலையில் குடித்த அந்த ஒரு டம்ளர் தண்ணீரை நினைத்து எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

ஒரு வழியாக முராத்நகர்ப் பக்கம் பிரதான சாலையைப் பிடித்தோம். பிடித்தோம் என்று சொல்வதைவிட அது எங்களைப் பிடித்துக்கொண்டது என்பதே சரி. காலை பத்து மணிக்கு நின்ற வண்டி பிற்பகல் மூன்று வரை நகரவில்லை. மழை இல்லாத ஆடி மாதப் புழுக்கம். தகரக் கூரை. என்ஜினை அணைத்தால் ஏ.சி. பேட்டரியில் ஓடும், ராத்திரி முழுக்க ஓடும் என்று வாடகைக்குக் கொடுத்தவர் சத்தியம் செய்திருந்தார். நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு. பெருக்கினால் 3,600 வாட் மணி, அதாவது 3.6 யூனிட். இந்த வகை ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் போய்விடும். ஆகவே கைக்கு வருவது 1.8 யூனிட். ஒரு டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் தின்னும். ஒன்றரை மணி நேரம் ஓடினாலே பெரிது. எங்களுக்கு அதுவும் கொடுத்து வைக்கவில்லை. என் மாட்டுப்பெண், எல்லோருக்கும் ஒரு வாய் காபி போடலாம் என்று நல்லெண்ணத்துடன் மின் அடுப்பைப் போட்டாள். அது இழுப்பது 1,800 வாட். இன்வெர்ட்டர் ஒரு தடவை கீச்சென்றது, அவ்வளவுதான். ஏ.சி., விசிறி, விளக்கு, காபி நான்கும் ஒன்றாகப் போயின.

ஜன்னல்கள் திறக்காத வகை. கதவைத் திறந்து வைத்தோம். சாலை நிறையக் காவிச் சட்டைகள். தோளில் வளைந்த மூங்கில், இரு புறமும் தொங்கும் கங்கை ஜலம், காலில் கொப்புளம், கட்டுத்துணி. லாரிகளில் ஒலிபெருக்கிகளை அடுக்கி இதயம் அதிரும்படி பாட்டு. அந்தச் சத்தத்தை நான் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்திக்கு அத்தனை வாட் தேவையில்லை. வருஷாவருஷம் இந்த யாத்திரை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு முணுமுணுக்கிறவன்தான் நான்.

பதினொரு மணி சுமாருக்கு அக்காவால் முடியவில்லை. வாய் திறந்து சொல்லவில்லை, கண்ணில் ஜலம் வந்துவிட்டது. என் மனைவி சட்டென்று இறங்கினாள். எங்களுக்கு நூறு கஜத்தில் சாலையோரம் ஒரு பந்தல், காவடிக்காரர்களுக்கான சேவா முகாம். அங்கே ஒரு பெண்மணியிடம் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னாள். அடுத்த ஐந்து நிமிஷத்தில் இரண்டு பையன்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வண்டி வாசலுக்கு வந்தார்கள். "மாதாஜி, உட்காருங்கள்" என்று அக்காவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தலுக்குப் பின்னால் பெண்களுக்கென்று தனியாகத் தற்காலிகக் கழிப்பறை, வாளி, தண்ணீர், காவலுக்கு ஒரு அம்மாள். பிறகு ஒரு கட்டிலில் படுக்க வைத்து, விசிறியைத் திருப்பிவிட்டு, எலுமிச்சை ரசம் கொடுத்தார்கள். நீங்கள் யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார்கள். வெளியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காத என் அக்கா, அவர்கள் கொடுத்த எலுமிச்சை ரசத்தை இரண்டு டம்ளர் குடித்தாள். அவர்கள் வற்புறுத்தியதில் ஒரு பூரியையும் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் புளியோதரையை அந்தப் பையன்களுக்குக் கொடுத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு 1956-ம் வருஷத்து மகாமகம் ஞாபகம் வந்தது. எனக்கு ஏழு வயது. பாபநாசத்துக்கு அப்பாலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து கும்பகோணத்துக்குக் கூண்டு வண்டியில் போனோம். வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம், மூலையில் கூஜா, தூக்கில் கட்டுச்சாதம். அதுவும் மோட்டார் இல்லாத மோட்டார் வீடுதானே! ஆனால் பாட்டி யாரும் தாகத்தோடு வரவில்லை. வழியில் சத்திரம் இருந்தது, கிணறு இருந்தது, கொல்லைப்புறம் இருந்தது, தண்ணீர்ப் பந்தல் இருந்தது, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்கூட இருந்தது. ராணி மங்கம்மாள் சாலை போட்டபோது சத்திரத்தையும் சேர்த்தே கட்டினாள். ஒரத்தநாட்டில் சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பேரில் கட்டிய சத்திரத்தை உங்களில் தஞ்சை ஜில்லாக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே தில்லியில் யூசுஃப் சராய், பேர் சராய், கட்வாரியா சராய், சராய் காலே கான் என்று தினமும் பஸ்ஸில் பெயர் வாசிக்கிறோமே, சராய் என்றால் வழிப்போக்கர் தங்குமிடம் என்பதுதான் அர்த்தம். பெயர்கள் மட்டும் பஸ்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்களிடம் கட்டிலும் அடுப்பும் ஏ.சி.யும் இருந்தன. நிற்க ஓரிடம் இல்லை. நடந்து வந்த அந்தப் பையன்களிடம் தோளில் ஒரு மூங்கிலைத் தவிர ஒன்றுமில்லை, கூப்பிடு தூரத்துக்கு ஒரு பந்தல் அவர்களுக்குக் காத்திருந்தது. நன்கொடை வசூலித்து, லீவு போட்டுக்கொண்டு வந்து நடத்துகிறார்கள். எனக்கு எலுமிச்சை ரசம் கொடுத்தவர் காஜியாபாத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர்.

மூன்று மணிக்கு மேல் சாலை கொஞ்சம் நகர்ந்தபோது, முன்னே போவதா, திரும்புவதா என்ற கேள்வி வந்தது. பிள்ளைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம், அத்தைக்கு வாக்குக் கொடுத்துவிட்டானே. அக்காதான் தீர்ப்புச் சொன்னாள். "கங்கையைப் பார்க்கணும்னு வந்தேன். அவாளே தோளிலே தூக்கிண்டு எதிர்க்க வரா. பார்த்தாச்சு. ஆத்துக்குப் போலாம்." திரும்பினோம். திரும்பும் வழி கூட்டத்தோடு கூட்டமாக ஊர்ந்தது. இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். வாடகையில் எவ்வளவு திரும்பி வந்தது என்ற கதையைச் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. மூன்றில் ஒரு பங்கு, அதுவும் பதினேழு போன் கால்களுக்குப் பிறகு.

உங்களில் யாராவது இந்த வண்டி எடுப்பதாக இருந்தால் வேண்டாம் என்று தடுக்க மாட்டேன். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டியை நேரில் பாருங்கள். கழிப்பறையைத் திறக்கச் சொல்லுங்கள், தண்ணீரைத் திறந்து பாருங்கள், நிரம்பியதை எங்கே கொட்டுவீர்கள் என்று டிரைவரை, முதலாளியை அல்ல, டிரைவரைக் கேளுங்கள். பதிவுச் சான்றில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்பதையும் படியுங்கள். ராத்திரி நிற்கப்போகும் இடத்தில் மின்சாரம் உண்டா என்று போன் செய்து விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பஞ்சாங்கமும் பாருங்கள்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. 24-ம் தேதி அமாவாசையன்று காலை ஐந்து மணிக்கு நான் தர்ப்பணத்துக்கு ஸ்நானம் செய்யப் போனபோது அக்கா விழித்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் கிழக்கு தில்லிக்குக் குடிநீர் பெரும்பாலும் யமுனையிலிருந்து வருவதில்லை. ஆங்கிலேய என்ஜினீயர் ப்ரோபி காட்லி ஹரித்வாரிலிருந்து வெட்டி 1854-இல் திறந்த மேல் கங்கைக் கால்வாய், நாங்கள் ஐந்து மணி நேரம் நின்றுகிடந்த அதே முராத்நகர் வழியாகத்தான் போகிறது. அங்கிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் பாகீரதி, சோனியா விஹார் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்து, பிறகு நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அந்தக் கால்வாய் ஹரித்வாரில் பீம்கோடாவில், ஹர் கி பௌரிக்குப் பக்கத்திலேயே கங்கையிலிருந்து பிரிகிறது. காகிதத்தில் படம் போட்டு அக்காவுக்குக் காட்டினேன்.

"அப்போ குளோரின் போட்ட கங்கைன்னு சொல்லு" என்றாள்.

"குளோரின் கொஞ்சம் உண்டு" என்றேன்.

சொம்பை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். கங்கே ச யமுனே சைவ என்று அவள் நாள்தோறும் சொல்லும் சுலோகத்தில் அன்றைக்குக் கங்கையோடு நிறுத்திக்கொண்டாளாம். என் மனைவி சொன்னாள்.

தசராவை ஒட்டி ஒவ்வொரு வருஷமும் அந்தக் கால்வாயைப் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் மூடுவார்கள், கிழக்கு தில்லியில் தண்ணீர் குறையும். அக்டோபரில் பேப்பரில் அறிவிப்பு வந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு, "டேய், கங்கை லீவாமே. நாளைலேர்ந்து ஸ்நானம் யமுனைக்கா?" என்று கேட்டாள்.

காபி வந்துவிட்டது போலிருக்கிறது. நமஸ்காரம்.